இரண்டாவது ஃபேன்

மார்ச் 3, திங்கள்

இன்றும் வேனுக்குள் டேப்பை நீட்டி அளந்தேன். பதினான்கு அடி ஒரே நாளில் பதினைந்து ஆகிவிடாது என்று தெரியும். கை சும்மா இருந்தால்தானே? மாதக் கடைசியில் இந்த வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். அதற்குள் இந்தப் பழைய வேன் வீடாகிவிட வேண்டும். பலகை அடித்தாயிற்று, குழாய் வைத்தாயிற்று, கரண்ட்தான் பாக்கி.

என் தம்பி எலக்ட்ரீஷியன். "வயரை நான் பாத்துக்கறேன். எதை எதை எவ்வளவு நேரம் போடுவேன்னு ஒரு வாரம் பாத்து எழுதிக் குடுக்கா. குத்துமதிப்பா எழுதினே, ஃபிரிட்ஜ் பாதியில படுத்துடும்" என்றான்.

மார்ச் 5

கையில் கடிகாரத்தோடு வீடு முழுக்க அலைகிறேன். மிக்ஸி ஆறு நிமிடம். கெட்டில் ஆறு நிமிடம். காலையில் அது கொதித்து 'டக்' என்று அணைந்தால்தான் எனக்குப் பொழுதே விடியும்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர், "என்ன, ஓட்டப்பந்தயமா?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 8

வாட்டை மணியால் பெருக்கிக் கூட்டினால் ஒரு நாளைக்கு 860. வேன் பேட்டரிக்குத் தம்பி சொன்ன வரம்பு ஆயிரம். பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் முதுகை நானே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்து பட்டியலைப் படித்தான். ஒரு ஃபேன். ஒரு படிக்கிற லைட். ஒரு போன் சார்ஜர்.

"ஏங்கா, மாமா வரலையா?"

அவர் சோபாவில்தான் இருந்தார். தலை நிமிராமல், "பட்டியல் சரியாத்தான் இருக்கு" என்றார்.

எப்படி விட்டேன்? ஒரு வாரம் சுற்றியிருக்கிறேன், அவர் அறை வாசலை மட்டும் தாண்டவில்லை. குறட்டை தாங்காமல் நாலு நாளைக்கு என்று பின்னறைக்குப் போனவள்தான், மூன்று வருடமாகிறது. அவர் அறையில் ஓடும் ஃபேன் என் கணக்கிலேயே இல்லை. வெட்கமாக இருக்கிறது. கோபமும் வருகிறது — யார் மேல்?

மார்ச் 10

கேட்டேவிட்டேன். "நாம போறோம்னுதானே ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்?"

"சொன்ன. எழுதலையே."

"அது மறதிங்க."

"அதான். நான் வேணா அண்ணன் வீட்டுல இருந்துக்கறேன். உனக்கும் காலை நீட்ட இடம் கிடைக்கும்."

சண்டையாவது போடுறாரா இந்த மனுஷன்! போட்டால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அண்ணன் வீடாம். நான் மட்டும் தனியா எங்க போறதாம்? வேனுக்குப் போய், அளந்ததையே அளந்தேன்.

மார்ச் 12

பட்டியலின் அடியில் பென்சிலால் ஒரு வரி. அவர் கையெழுத்து.

ஷேவிங் மெஷின் — 5 வாட் — 10 நிமிடம்.

அவ்வளவுதான். பெருக்கினால் முழுசாக ஒன்றுகூட வரவில்லை. ஃபேன் கேட்கவில்லை, லைட் கேட்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அதுவும் வீண் கரண்ட்.

மார்ச் 13

அவருடைய ஃபேன், லைட், சார்ஜர், அந்த மெஷின் எல்லாம் சேர்த்தால் 1106.

"தாங்காதுக்கா. ரெண்டு பேரும் ஒரே ஃபேனை வெச்சுக்கங்க. இல்லன்னா கெட்டிலை எடுத்துடு, ஆறு நிமிஷத்துல அதுவே நூத்தம்பது குடிக்குது" என்றான் தம்பி.

ஒரே ஃபேன் என்றால் ஒரே கட்டில். மூன்று வருடம் கழித்து அதை எந்த வாயால் கேட்பது? "கெட்டிலை எடுத்துடு" என்றேன். அவருக்குப் பின்பக்கக் கட்டில், எனக்கு முன்பக்க பெஞ்ச், ஆளுக்கொரு ஃபேன்.

பிறகு அவர் அறைக்குள் போய், "நீங்க வரணும்" என்றேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கெட்டில் இல்லாம உனக்குப் பொழுது விடியாதே" என்றார்.

மார்ச் 27

வயரிங் முடிந்தது. கெட்டில் இல்லாவிட்டால் சின்ன இன்வெர்ட்டரே போதுமாம். "பெருசாவே இருக்கட்டும்" என்று மாட்டிவிட்டான் தம்பி. ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

மார்ச் 31

சாவியைக் கொடுத்தாயிற்று. கெட்டில் தம்பி வீட்டில்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் தம்பி போன் செய்தான். பேட்டரிக் கணக்கு அவன் போனிலேயே தெரிகிறதாம்.

"ரெண்டு நாளா இருநூறு கம்மியா ஓடுதேக்கா. ரெண்டாவது ஃபேன் மக்கர் பண்ணுதா? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டுமா?"

தூக்கமில்லாமல் கண் எரிந்தது. குறட்டை கொஞ்சம்கூடக் குறையவில்லை. அதற்குச் சொந்தக்காரர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கண்ணாடி முன் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"ஃபேனுக்கு ஒண்ணும் இல்லடா" என்றேன். "வரும்போது கெட்டிலை எடுத்துட்டு வா."