தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

சார்,

உங்கள் படத்திறப்பு விழா அழைப்பிதழ் இன்று காலை வந்தது. உங்கள் பெயருக்கு மேல் ‘மாணவர்களின் தந்தை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நான் வரப்போவதில்லை. இறந்தவரைப் பற்றி ஊரிடம் குறை சொல்லக் கூடாதுதான். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

சூளகிரியைச் சுற்றிய நிலங்களெல்லாம் கம்பெனிகளாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நீங்கள் தலைமையாசிரியர், ஆறாம் வகுப்புக்கு அறிவியலும் எடுத்தீர்கள். நான் கணக்கு டீச்சர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்கள் உங்கள் பீரோவில் பூட்டியே கிடந்தன. பிள்ளைகளிடம் கொடுக்கச் சொன்னால், “கையில குடுத்தா உடைச்சுப்புடுங்க டீச்சர்” என்பீர்கள். கரும்பலகையில் ஒன்றை வரைந்து, பாதரசத்தைத் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கில் நிறுத்தி, அதையே கத்தச் சொல்வீர்கள். மாற்றிச் சொன்னால் பிரம்பு.

பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்த அன்றுதான் பீரோ திறந்தது. உங்கள் ஆறாம் வகுப்பு மஞ்சுளாவின் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தீர்கள். அவள் எடுத்துப் பார்த்து, “தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு சார்” என்றாள். எல்லோரும் கைதட்டியது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. நீங்கள் அதை வாங்கி அளவைப் பார்க்கக்கூட இல்லை என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். உதறிப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள்.

மதியம் என் வகுப்பில் அவள் சுருண்டு விழுந்தாள். உடம்பு கொதித்தது. ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“காலையில பாத்தியே, எவ்வளவு காட்டுச்சு கண்ணு?”

“நூத்தி மூணு டீச்சர். அப்படிச் சொன்னா சார் அடிப்பாரு.”

ஸ்கேலில் சின்னக் கோடுகளை எண்ண நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை வைத்தே அவள் சரியாகப் படித்திருக்கிறாள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, உங்களுக்குப் பிடித்த பதிலைத் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

மூளைக்காய்ச்சல். உயிர் தப்பியது, காது போய்விட்டது.

அவள் அம்மா பள்ளிக்கு வந்தபோது, “காய்ச்சலோட புள்ளைய எதுக்கும்மா அனுப்புன?” என்று அதட்டினீர்கள். நான்தான் சொன்னேன், “அவ சரியாத்தான் பாத்தா சார். உங்களுக்குப் பயந்து மாத்திச் சொன்னா.”

“கணக்கு எடுக்கறதுதான் உங்க வேலை. அத மட்டும் பாருங்க.”

கொஞ்ச நாளில் எனக்குக் கல்லாவிப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. யார் செய்த வேலை என்று நான் கேட்கவில்லை. அங்கே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். வெள்ளிக் கோடு தெரியும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்று உடைந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சிதறிய பாதரசத்தை அட்டையால் நானே ஒதுக்கி எடுத்தேன். யாரையும் திட்டவில்லை.

இன்றும் ஒரு பிள்ளை பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தால், “என் மூஞ்சியில என்ன இருக்குது? உனக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லு” என்கிறேன். உங்களை மன்னித்துவிட்டால் அப்படிச் சொல்ல மறந்துபோவேனோ என்று பயமாக இருக்கிறது, சார். அதனால் மன்னிக்கவில்லை.