ஏழு வீட்டு அரிசி

பிப்ரவரி 1, 1912. வியாழன்.
காலையில் வாசலில் ஓர் ஆள், ‘ஐயா, பசி’ என்று. ஏர் உழலாம் போலத் தோள். விரட்டிவிட்டேன். கோமு உள்ளிருந்து முறைத்தாள். என் மனைவிக்கு வருகிறவனெல்லாம் சிவனடியார்.

ஆவுடைக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை, பாயில் துணியாகக் கிடக்கிறாள். ஆடியில் இதே காய்ச்சல் கண்டபோது கோமு திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் தகப்பன் ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியைக் கோயிலில் செலுத்த வேண்டும். பிள்ளை பிழைத்தாள். தகப்பன் ஆறு மாதமாக நாளை நாளை என்கிறான். தாலுகா கச்சேரி குமாஸ்தா துண்டை ஏந்தித் தெருவில் நிற்பதா? நேர்ந்தவள் தன்னை நேர்ந்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 3. சனி.
வழி கிடைத்துவிட்டது. சிநேகிதர்கள் வீடு ஏழுக்கும் எங்கள் அரிசியையே உழக்கு உழக்காக இன்று அனுப்பிவிட்டேன். நாளை போய் நின்றால் அதையே போடுவார்கள். மானமும் போகாது. கச்சேரித் தோழன் காந்திமதிநாதன்தான் சிரித்தான்: “சாமிகிட்டயே கச்சேரி வேலையைக் காட்டுதீரா வே?”

பிப்ரவரி 4. ஞாயிறு.
ஏழு வீட்டிலும் நாற்காலி போட்டார்கள். இரண்டு வீட்டில் காப்பி. பிச்சைக்காரன் பாடு இத்தனை சொகுசா!

வீட்டில் கோமு அரிசிக்குள் கைவிட்டாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அவளே புடைத்து, கல் பொறுக்கிய அரிசி.

“நம்ம அரிசியையே சுமந்துக்கிட்டு வந்திருக்கிய. பிள்ளை உசிரோட வெளையாடுதியளா?”

அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிப்ரவரி 6.
டாக்டர் கொய்னா மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை.

பிப்ரவரி 8.
ஆவுடை என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள்.

பிப்ரவரி 10. சனி. வண்டியில்.
விடியுமுன் ஏரலுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே என்னைத் தெரிந்தவர் இல்லை. ஆறு கூடவே வருகிறது, சில இடத்தில் தெரிகிறது, சில இடத்தில் வாசனை மட்டும். கண்ணயர்ந்தால் ஆவுடை தண்ணீர்மேல் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்கிறாள். விழித்தால் மாட்டின் மணி. எது கனவு என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை.

பிப்ரவரி 11. ஏரல்.
ஆற்றில் முழுகி எழுந்தபோது அக்கரை இல்லை. பனி விழுங்கியிருந்தது. எங்கோ துணி துவைக்கிற சத்தம், ஆள் இல்லாமல். ஈர வேட்டியோடு தெருவுக்குள் நடந்தேன். கால்கள் யாருடையவையோ.

மடிப்பிச்சை என்று சொன்னால் எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்பார்கள். அதற்குப் பயந்து “அம்மா” என்று மட்டும் கேட்டேன். முதல் வாசலில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“என்னலே வேணும்?”

லே! நாற்பது வயதுக்கு மேல்! கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பேர், உத்தியோகம் எல்லாம் படித்துறையிலேயே கழன்றுவிட்டது போல ஒரு லேசு. இன்னொருத்தி என் விரல்களையே பார்த்தாள்: “பேனா புடிச்ச கை மாதிரில்லா இருக்கு. எங்கன திருடிட்டு ஓடி வந்தே?” கதவைச் சாத்தினாள். பதினைந்து வாசல் ஏறினேன். ஆறு வீட்டில் அரிசி விழுந்தது. அதற்குமேல் முடியவில்லை, மயக்கமாக வந்தது.

மண்டபத்தில் கால் விளங்காத ஒருவன் கிடந்தான். பேர் சுடலைக்கண்ணு. அங்கேயே பிச்சை எடுக்கிறவன்.

“புதுசாலே? பைய உக்காரு. வடக்குத் தெருவுக்குப் போயிராத, அங்கன நாய் கெடக்கு.”

என் துண்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் துணியை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை அள்ளி என் துண்டில் போட்டான். “வீட்டுல பிள்ளையள் இருக்கும்லா?”

அழுதேன். தெருவில் வைத்து, சத்தமாக. ஆவுடை பேரை அவனிடம் சொன்னேன்.

ஆனால் வீடே இல்லாதவன் போட்டது ஏழாவது வீடாகுமா?

பிப்ரவரி 14. புதன்.
திங்களன்று கோயிலில் செலுத்தி, இன்று வீடு வந்தேன். ஆவுடை கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள்! சனிக்கிழமையே காய்ச்சல் விட்டுவிட்டதாம். ஏரலில் நான் முதல் வாசலில் நிற்பதற்கு முந்தின நாள். அப்படியானால்—? கோமுவிடம் ஏழாவது வீட்டுச் சந்தேகத்தையும் கேட்டேன். “எண்ணுததெல்லாம் கச்சேரியில வச்சுக்கிடுங்க,” என்றாள்.

சுடலைக்கண்ணுக்கு நான் ஒன்றுமே கொடுக்காமல் வந்தது பாதி வழியில்தான் உறைத்தது. சீ.

மார்ச் 10. ஞாயிறு.
காந்திமதிநாதன் மூச்சிரைக்க வந்தான். “வே, உம்ம மவ பாவாடைய ஏந்திக்கிட்டு வீடு வீடா பிச்சை கேக்கா! தெருவே வேடிக்கை பாக்கு. உள்ள கூப்பிடும் வே!”

ஏரலில் நான் நின்றதைப் படுக்கையில் கிடந்தவளுக்கு நடித்துக் காட்டியது என் குற்றம்தான். எழுந்து போவதற்குள் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அம்மா,” என்றாள். அசல் என் குரல்.

உள்ளே போய் ஒரு பிடி அரிசி எடுத்தேன். படியிறங்கித் தெருவில் நின்று அவள் பாவாடையில் போட்டேன்.

“கிறுக்கு புடிச்சிருக்கா வே உமக்கு?” என்றான் காந்திமதிநாதன்.

ஆவுடை என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்கு அவசரம். அரிசி சிந்தச் சிந்த ஓடினாள்.