வீட்டுத்தலைவியின் இடப்பக்கம்

அக்டோபர் 13, செவ்வாய்

கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் இன்று என் முறை. எனக்கு முன்னால் துவைத்த மேல்மாடிக்காரர் இயந்திரத்துக்குள் ஒற்றைக் காலுறையை விட்டுப் போயிருக்கிறார். கண்டித்து ஒரு சீட்டு எழுதினேன். ஒட்டவில்லை.

நாளை வேதியியல் நோபல் பரிசை அறிவிக்கிறார்கள். எவனாவது வெளிநாட்டுக்காரன் வாங்கிக்கொண்டு போகட்டும். எங்கள் ஊர் உப்சாலா நிம்மதியாக இருக்கும்.

அக்டோபர் 14, புதன்

எஸ்கிலுக்குக் கிடைத்துவிட்டது.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது வானொலி சொன்னது. பனிக்கட்டி உறைந்த பிறகும் அதன் மேல் நீராகவே எஞ்சி நிற்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டாம்; பனி வழுக்குவதே அதனால்தானாம். அதை அளக்கும் முறைக்காக நோபல் பரிசு. எஸ்கில் பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரன். அந்த முறையைக் கண்டுபிடித்தது அவன் அல்ல, தூரா. இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்தார்கள். முதல் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. இரண்டாவதில் எஸ்கில் மட்டும். உலகம் படித்தது இரண்டாவதை.

தூரா என் எதிர்வீடு. போய்க் கதவைத் தட்டினேன்.

"காபி போட்டாச்சு. ஷூவைக் கழட்டிட்டு வா" என்றாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். பரிசு வாங்கறப்ப எஸ்கில் ராஜாவோட கையைக் குலுக்கப் போறான். குலுக்கிட்டுப் போகட்டும். அவன் கைதான் எப்பவும் ஈரமா இருக்கும், பாவம் ராஜா."

வழக்கம்போல மேசையின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. முப்பது வருடம் லத்தீன் கற்பித்தவன்.

அக்டோபர் 15, வியாழன்

பத்திரிகையின் முதல் பக்கத்தில் எஸ்கில், தோளில் பனிச்சறுக்குக் காலணியைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவன் வாழ்நாளில் சறுக்கியதில்லை. பள்ளியில் ஏரிக்கரையில் நின்று எங்கள் கோட்டுகளைக் காவல் காத்தவன்.

நம் ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் இந்தப் பரிசை வாங்கும் அழகே தனி. பரிசும் நம்முடையது, கொடுப்பவர்களும் நம்மவர்கள். வாங்கும்போது மட்டும் "நானா? எனக்கா?" என்று மார்பில் கைவைத்து வெட்கப்படுவார்கள். ஒரு வருடம் இலக்கியப் பரிசை அதைக் கொடுக்கும் கழகத்து உறுப்பினர்கள் இருவரே பகிர்ந்துகொண்டார்கள். சமாதானப் பரிசை நார்வேக்காரர்களிடம் விட்டுவைத்ததால் அதில் மட்டும் கொஞ்சம் மானம் மிஞ்சியது. இறந்துபோனவர் என்று தெரிந்தே பரிசு கொடுத்தது இரண்டு பேருக்கு. ஒருவர் கவிஞர், ஒருவர் சமாதானத்துக்காக உழைத்தவர். இருவரும் ஸ்வீடன்காரர்கள். அந்த இருவரை மட்டும் நான் மனமார மதிக்கிறேன். விருந்தில் அவர்கள் பேசவில்லை.

இதையெல்லாம் எழுதுவது பொறாமையா? எனக்கு வேதியியலே தெரியாதே. வேதியியல் தெரியாதவன் பொறாமைப்பட முடியாதா என்ன?

நவம்பர் 3, செவ்வாய்

எஸ்கிலின் மனைவி ஹெட்விக் தொலைபேசியில் அழைத்தார். இருபத்தொன்றாம் தேதி வீட்டில் விருந்து. தூராவும் வருகிறாளாம்.

"வால்ஃப்ரிட், நீங்க என் இடப்பக்கம் உக்காருறீங்க. மாட்டேன்னு சொல்லக்கூடாது."

மாட்டேன் என்று சொல்லவில்லை. இடப்பக்கம் என்றால் பேச்சு. வீட்டுத்தலைவியின் இடப்பக்கம் உட்காரும் ஆண்தான் எல்லோர் சார்பிலும் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்தே வாழ்நாளெல்லாம் மேசைக் கோடிகளைத் தேடி உட்கார்ந்தவன் நான்.

இன்னொரு செய்தி: எஸ்கில் தன் விருந்தினர்களில் ஒருவனாக என்னைப் பரிசளிப்பு விழாவுக்கு ஸ்டாக்ஹோம் அழைத்துப் போகிறானாம். விழாவில் ஆண்கள் போடும், பின்புறம் வால்போல நீண்ட வால்கோட்டு ஒன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

மகிழ்ச்சியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 11, புதன்

பேச்சை எழுதிவிட்டேன். முதலில் எல்க் மான் இறைச்சி, பிறகு லிங்கன் என்னும் காட்டுப்பழத்தின் கூழ், பிறகு வீட்டின் கதகதப்பு, கடைசியில் தூரா. ஒரே வாக்கியம்: அந்தப் படலத்தை முதலில் அளந்தவர் இந்த மேசையில் இருக்கிறார். அவ்வளவுதான். ஸ்டாக்ஹோம் போகுமுன் ஒரு தடவையாவது அவன் வீட்டில், அவன் காதில், நாலு பேர் முன்னால் அது விழ வேண்டும்.

தூராவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 17, செவ்வாய்

நான் ஒரு மடையன்.

ஒருவர் வீட்டில் பேசப்போவதை அவரிடம் கேட்டுவிட்டுப் பேசுவதுதான் முறை என்று தோன்றியது. எஸ்கிலை அழைத்துக் கேட்டேன். தூராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா?

எஸ்கில் சிரித்தான்.

"தாராளமா சொல்லுடா, உன் பேச்சு உன் இஷ்டம். ஆனா ஹெட்விக் ரெண்டு நாள் அடுப்படியில நிக்கப் போறா. சாஸைப் பத்திப் பேசினா சந்தோஷப்படுவா."

அனுமதி கேட்டுக்கொண்டு உண்மை சொல்லப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 22, ஞாயிறு

நேற்றைய விருந்தை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஹெட்விக்கின் இடப்பக்கத்துப் பெயர் அட்டையில் என் பெயர் இல்லை. அங்கே பல்கலைக்கழகத் தலைவர் உட்கார்ந்தார். என் அட்டை மேசை நடுவில், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் காது கேளாத அத்தை ஒருவருக்கும் இடையில். தூரா கோடியில். என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

நிம்மதியாக இருந்தது. ஆம், இருந்தது! கோழை.

தலைவர் எழுந்தார். எஸ்கில் நாட்டின் பெருமை, எஸ்கில் எளிமையின் சிகரம், எஸ்கில் தனிமையில் உழைத்த மேதை. தனிமையில்! சாப்பாட்டைப் பற்றி மறந்தே போய், கடைசியில் ஹெட்விக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றிப் பேச்சு முடிந்தால் விருந்து முடிந்தது. எல்லோரும் எழுந்துவிட வேண்டும், அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. நாற்காலிகள் நகர்ந்தன.

நான் கண்ணாடிக் கோப்பையைக் கத்தியால் தட்டினேன்.

ஏன் தட்டினேன்? அந்தத் 'தனிமையில்' என்ற சொல்தான். பாதி எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் நின்றபடியே பார்த்தார். பேச்சு சட்டைப்பையில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. சொன்னேன்:

"பனிக்கட்டி மேல் உள்ள படலத்தை முதலில் அளந்தவர் இந்த மேசையின் கோடியில் இருக்கிறார். தூரா வென்பெரி. எஸ்கில் தனியாக இல்லை."

கோப்பையைத் தூக்கினேன். காலியாக இருந்தது.

 பிறகு எஸ்கில் எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"என் வாயிலேர்ந்து பிடுங்கிட்டான் என் நண்பன்! தூராவுக்கு! அவ கை இல்லேன்னா எங்க ஆய்வகத்துல ஒரு விளக்குகூட எரிஞ்சிருக்காது!"

எல்லோரும் குடித்தார்கள். கைதட்டினார்கள் — அவனுக்கு. எஸ்கிலுக்கு என்ன பணிவு என்று பத்திரிகை ஆசிரியர் என் காதில் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தூராவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். படியில் நின்று கேட்டாள்: "நான் உன்னைக் கேட்டேனா?"

"இல்ல."

"சொல்ல வேண்டியவன் அவன். அவன் சொல்லலைங்கிற ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சமா இருந்துச்சு. அதையும் அவனுக்கே கொடுத்துட்டே."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 24, செவ்வாய்

பத்திரிகையில் வந்துவிட்டது. "தன் உதவியாளரையும் மறக்காத மேதை." உதவியாளர்! தூரா அவனுக்கு முன்னால் முனைவர் பட்டம் வாங்கியவள். என் வாக்கியம் அவன் கோட்டில் இன்னொரு பதக்கமாகக் குத்தப்பட்டுவிட்டது.

எங்கள் வழக்கப்படி, போன விருந்துக்கு நன்றி சொல்லத் தொலைபேசியில் அழைத்தே ஆக வேண்டும். அழைத்தேன். எஸ்கில் எடுத்தான்.

"டேய், பிரமாதம்டா! நீ இப்படிப் பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா இடத்தை மாத்தியிருக்கவே மாட்டேன். ஸ்டாக்ஹோம்ல செய்தியாளருங்ககிட்டயும் சொல்லு, நம்ம பள்ளிக்கூடக் கதையெல்லாம். வால்கோட்டு எடுத்தாச்சா?"

எடுத்தாயிற்று என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

நவம்பர் 30, திங்கள்

தூரா தன் சலவை முறையை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டில்கூட எதிர்ப்படுவதில்லை. கதவுக்குப் பின்னால் அவள் வானொலி கேட்கிறது.

வால்கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அது பொருந்துகிறது என்பதே எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 4, வெள்ளி

எஸ்கிலை அழைத்தேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, அனுமதி கேட்கவில்லை.

"நான் வரலை, எஸ்கில்."

"உடம்புக்கு என்னடா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"பின்னே?"

"வர விருப்பமில்ல."

காய்ச்சல் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவன் சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. "பொறாமைக்காரப் பயலே" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான். இருக்கலாம். அதற்காகப் போக வேண்டும் என்று இல்லையே.

மதியம் வால்கோட்டுப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போனேன். தெருவெல்லாம் உறைந்து கிடந்தது. வாசலில் தூரா, வழுக்காமலிருக்கப் படிகளில் மணல் தூவிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.  எனக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே தூவினாள்.

டிசம்பர் 10, வியாழன்

மாலை கதவு தட்டப்பட்டது.

"டிவி பார்க்க வரியா? பட்டாணி சூப் வச்சிருக்கேன். தொட்டுக்கக் கடுகு விழுது உன் வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வா, என்னுது காஞ்சு போச்சு."

விழா தொடங்கியிருந்தது. அமைச்சர் மனைவியின் பச்சை உடை திரைச்சீலைத் துணி என்றாள் தூரா. எஸ்கில் பளபளக்கும் தரையில் ராஜாவை நோக்கி நடந்தான்.

"வழுக்கி விழப் போறான் பாரு" என்றேன்.

"அவனா? அவனுக்கு எதுவும் வழுக்காது. அதுக்குத்தானே பரிசு."

எனக்குச் சூப் புரையேறியது. அவள் முதுகில் தட்டினாள். விருந்தில் எஸ்கில் பேசத் தொடங்கியதும் "நண்பர்களே" என்பதோடு டிவியை அணைத்துவிட்டாள். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நாளைப் பத்திரிகையும் வாங்குவதாக இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். நான் எதிர் நாற்காலியில் இல்லை. என் தட்டை அவள் தன் தட்டுக்கு இடப்பக்கம் வைத்திருந்தாள்.

"சரி, பேசு" என்றாள்.

எழுந்தேன். கரண்டியால் கோப்பையைத் தட்டினேன். பட்டாணி நன்றாக வெந்திருந்ததைப் பற்றிச் சொன்னேன். இறைச்சித் துண்டுகளைப் பற்றிச் சொன்னேன். படிகளில் தூவிய மணலைப் பற்றியும் சொன்னேன். 

நன்றிப் பேச்சு முடிந்தால் எழுந்துவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். நாங்கள் எழுந்திருக்கவில்லை.