விழுகிற கொடுவாளைப் பிடிக்காதே, குமரேசா

ஆரணி,
ஆவணி 4

என் கண்ணு குமரேசனுக்கு அம்மா கற்பகம் எழுதுவது. நீயும் தேவிப்ரியாவும் குழந்தை அபிதாவும் குறையில்லாமல் இருக்க அந்த ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம், மிச்சமிருக்கிற கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா என்னை ஒட்டி உட்கார்ந்து வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, கவனித்தாயா? அவன் அங்க தனியா கெடந்து தவிப்பான், எதுக்கு அவனைப் பேஜார் பண்ற, வாய மூடிகினு இரு என்று எனக்கு உத்தரவு. எதிர்வீட்டுத் தணிகாசலம் அண்ணன் மகள் சுபலட்சுமி உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறாள் அல்லவா, அவள் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். பதறாதே, அப்பா உயிருக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். கையில்தான் வெட்டுப்பட்டுவிட்டது.

ஆடி வெள்ளிக்கு வழக்கம்போலப் படவேடு அம்மன் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்கு வெளியே மரத்தடியில் மூன்று கல் கூட்டிப் பொங்கல் வைப்போமே, அதே இடம்தான். முந்தின நாள் மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. புகையில் நான் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு, இரு, உள்ள காஞ்சிருக்கும், சிராய் பொளந்து தரேன் என்று அப்பா குந்தினார். உன் சுப்பராயலு மாமா கொண்டுவந்த கொடுவாள், அதுவும் மழுங்கினது. மழுங்கின கத்திக்குத்தான் கூடுதல் பலம் போடவேண்டியிருக்கும், பலம் போட்டால்தான் அது தாறுமாறாகப் போகும். அப்பா கை வழக்கம் உனக்குத் தெரியும், பட்டு நூல் தோலில் சிக்கக் கூடாது என்று காலையில் எழுந்ததும் உள்ளங்கை இரண்டிலும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார், தறிக்கு லீவு என்றாலும் தேய்ப்பார். அந்தக் கையில் மரப்பிடி நிற்குமா? துடைச்சிக்கோங்க என்றேன், காதில் வாங்கவே இல்லை. போதாததற்கு என் தம்பி அவர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான். இவரும் விறகைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினார்.

ரெண்டு மூன்று வெட்டு ஒழுங்காக விழுந்தது. அடுத்து ஓங்கும்போது கொடுவாள் வழுக்கி எகிறியது. சும்மா விட்டிருந்தால் மண்ணில் விழுந்து கிடந்திருக்கும். ஆனால் தறியில் குறுக்கு நூலோடு ஓடுகிற நாடாக்கட்டை தடம் மாறி வெளியே பாய்ந்தால் தரையில் படுவதற்குள் பிடித்துவிடுகிற கை அது. கீழே விழுந்து நாடாவின் முனை சிதைந்தால் நீளவாக்கில் கட்டின பாவு நூலை அறுத்துத் தொலைக்கும் என்று காலமெல்லாம் பிடித்துப் பிடித்தே பழகினவர். புத்தி சொல்வதற்கு முன்னால் கை போய்விட்டது, கூர்ப் பக்கத்தையே பிடித்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் குமரேசா, ஒரு கத்துக் கத்தக்கூட நேரமில்லை.

உன் மாமா காபித்தூளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த சந்தவாசல் ஊர்க்காரி பச்சையம்மாள்தான் அவனைத் தடுத்து, தூளெல்லாம் வெக்காதீங்கண்ணா, சுத்தமான துணி குடுங்க என்று வாங்கி, மடித்து, உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிங்க, திறந்து திறந்து பாக்காதீங்க என்றாள். அவள் மகராசியாக இருக்கட்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது, யாரோ ஒரு புண்ணியவான் லோடு ஆட்டோவில் ஏற்றி விட்டார். வழியெல்லாம் நான் அழுகிறேன், இவர் என்ன கேட்டார் தெரியுமா, பொங்கல் பொங்கிச்சா கற்பகம் என்று. எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு கையையும் நானே ஒடித்திருப்பேன்.

வேலூரில் ஆபரேஷன் செய்து இரண்டு விரலின் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்து, விரலுக்குப் பயிற்சி கொடுத்து, மெல்ல மெல்ல மடங்கும் என்கிறார் டாக்டர். எவ்வளவு மடங்கும் என்று கேட்டால் இப்போது சொல்ல முடியாதும்மா என்கிறார். தறியில் பாதி நெய்த சேலை நிற்கிறது. தினமும் அதன்மேல் போட்ட துணியை எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி மூடி வைக்கிறார். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட அந்த இரண்டு விரலும் வேண்டாமா? எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. அவரிடம் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்கிறேன்.

இந்த நேரம் பார்த்து நீ ஒரு போட்டோ அனுப்பினாய். ஏரிக்கரையில் கூடாரம், நீ ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கோடாலியை ஓங்கி நிற்கிறாய், கைக்கெட்டும் தூரத்தில் அபிதா பிஸ்கட் தின்றுகொண்டு உன்னையே பார்க்கிறது. அடுத்த மாதமும் போகப்போகிறோம் என்று தேவிப்ரியா சொன்னாள். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அந்தக் குளிர் ஊரில் வெயில் வருகிற நாலு நாள்தான் உங்களுக்குச் சந்தோஷம். ஆனால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல ஷூ போடு. ஓங்குவதற்கு முன்னால் கோடாலியோடு கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார், அதற்குள்ளே யாரும் இருக்கக் கூடாது, குழந்தை தேவிப்ரியா மடியில் இருக்கட்டும். கோடாலியின் தலைப்பகுதி பிடியில் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத் தொடு. விறகைக் கையிலோ காலிலோ பிடித்துக்கொண்டு வெட்டாதே, கனமான கட்டைமேல் நிறுத்தி வெட்டு. அது சின்னக் கோடாலியாகத் தெரிகிறது, மண்டி போட்டுக்கொண்டு வெட்டினால் தவறினாலும் மண்ணில் இறங்கும், காலில் இறங்காது. கத்தியால் எதை நறுக்கினாலும் உன் உடம்பை விட்டு விலகுகிற பக்கமாகவே ஓட்டு, தொடைமேல் வைத்து நறுக்காதே, யாராவது கேட்டால் கையில் நீட்டாமல் கீழே வை, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் உறையில் போடு. இருட்டின பிறகும் அசந்துபோன பிறகும் அதைத் தொடவே தொடாதே. இதெல்லாம் எனக்குத் தெரியும்மா என்பாய். உன் அப்பாவுக்கும் தெரியும்டா.

தெரிந்து மட்டும் என்ன பிரயோசனம்? போன வாரம் என் கையிலிருந்து மரக்கரண்டி நழுவியது, மனுஷர் கட்டுப் போட்ட கையோடு தாவிவிட்டு வலியில் துடித்துப் போனார். நீயும் காலேஜ் சேரும்வரை அதே தறியில் உட்கார்ந்தவன், உன் கையும் அதே கைதான், அதுதான் என் கவலையெல்லாம். இது வாயால் சொல்லி ஆகிற காரியம் இல்லை, கைக்கே சொல்லித்தர வேண்டும். அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் வலது கையைக் கழுத்தோடு தூளி கட்டி எதிரே நிறுத்தி வைத்து நான் கரண்டியைப் போடுகிறேன். காலைப் பின்னால் எடுத்து வைத்து, கையை விலக்கி, அதை விழ விடவேண்டும். இதுவரை ஒவ்வொரு தடவையும் இடது கையால் பிடித்துவிட்டு அசடு வழிகிறார், எனக்குச் சிரிப்பும் வருகிறது அழுகையும் வருகிறது. நீங்கள் ஏரிக்கரைக்குப் போவதற்குள் தேவிப்ரியாவை உன் எதிரே நின்று கரண்டியைப் போடச் சொல். உன் கை சும்மா இருக்கப் பழகின பிறகு கோடாலியைத் தொடு, அதுவரைக்கும் விறகை விலைக்கு வாங்கிக்கொள்.

ஊறுகாயில் எண்ணெய் மேலே நிற்கவேண்டும், ஈரக் கரண்டி போடாதீர்கள். அபிதாவுக்கு என் முத்தம், தேவிப்ரியாவுக்கு என் ஆசி. மூன்று பேரும் தீர்க்காயுசாக, கை கால் சுகத்தோடு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
த. கற்பகம்

குமரேசா, அம்மா எனக்குத் தெரியாம எழுதறதா நெனச்சிகினு இருக்கா. இது இடது கை எழுத்து, சிரிக்காத. இன்னிக்குக் காலைல கரண்டி கீழ விழுந்துச்சிடா. நான் பிடிக்கல. நீயும் பிடிக்காத.
அப்பா