கடைசி நாற்பது மீட்டர்

ஜூன் 4

கால் வீங்கிவிட்டது. காலையிலிருந்து மேட்டுச் சரிவில் மட்டம் பார்த்துக் கோடு போட்டோம். புல்கூட முளைக்காத சரிவு. மழை இப்போதெல்லாம் மாதக்கணக்கில் பெய்வதில்லை. இரண்டே நாளில் கொட்டித் தீர்த்து, மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடுகிறது. சரிவுக்குக் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தினால்தான் உண்டு. கரைக்கு நேர் கீழே கறார் அக்காவின் நிலம். ஊர் வைத்த பெயர், பொருத்தமான பெயர். அவரைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் நடையாய் நடந்தேன்.

"கரை உடைஞ்சா முதல்ல போறது என் நிலந்தான் மேடம். பாத்துப் போடுங்க" என்றார்.

ஜூன் 5

பொக்லைன் நாளைக்கு வேறு ஊருக்குப் போகிறது. கடைசி நாற்பது மீட்டரை அரக்கப்பரக்க முடித்தோம். மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன் — உள்ளே தண்ணீரில் ஒரு காற்றுக்குமிழி. குமிழி இருந்தால் மட்டம் தப்பாகக் காட்டும். இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். எப்போது நுழைந்தது? கரையோ போட்டாகிவிட்டது. குழாயைப் பையில் திணித்தேன். ஒன்றும் ஆகாது.

ஜூன் 6

ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 19

உடைந்துவிட்டது. அந்த நாற்பது மீட்டரில்தான். மற்ற கரையெல்லாம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. அக்காவின் நிலத்தில் முழங்கால் உயரத்துக்குச் சரளை. பயிர் இருந்த இடமே தெரியவில்லை.

அவர் அழவில்லை. "வானம் இப்படிக் கொட்டினா நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயோ, நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா!

செப்டம்பர் 21

எங்கள் திட்ட மேலாளர் கரை உடைந்ததற்கான அறிக்கையைப் படித்துக் காட்டினார்: 'வரலாறு காணாத மழை. பருவநிலை மாற்றத்தின் விளைவு.' நான் குமிழியைச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "ஏம்மா, ஒரு கரை போச்சுன்னு பன்னெண்டு ஊர்த் திட்டத்தையும் ஊத்தி மூடணுமா?"

அதிலும் நியாயம் இருக்கிறதே, நான் என்ன செய்ய? வீட்டில் இவர், "அதான் மழைமேல பழியப் போட்டாச்சே, உனக்கு எதுக்கு வம்பு?" என்கிறார். பருவநிலை மாறிப்போச்சு, நம்புங்க என்று இத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேனே — என் தப்பை மறைக்கவா?

செப்டம்பர் 28

ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கறார் அக்கா எழுந்தார்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுலதானே டீ குடிச்சே."

'மேடம்' என்ற சொல் போய்விட்டது. அவரும் போய்விட்டார்.

அக்டோபர் 3

இடமாற்றம். இனி அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும் வேலை. மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜூலை 23

அக்காவே போன் செய்தார், பத்து மாதம் கழித்து. நேற்று நல்ல மழையாம். உடைந்த இடத்தில் போட்ட புதுக் கரை நின்றுவிட்டதாம். "நாங்களே மட்டம் பாத்தோம். ஒவ்வொரு கோட்டையும் ரெண்டு தடவை."

சந்தோஷத்தில் புத்தி எங்கே போனதோ, "உங்க நிலத்துல என்னக்கா போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சரளையில என்னத்தப் போடறது? அடுத்தவங்க நிலத்துக்குக் கூலிக்குப் போறேன். இந்தக் கரைக்கும் நான்தான் மண் சுமந்தேன்."

அக்காவே தொடர்ந்தார்.

"உனக்குத் தெரியணும்னு தோணுச்சு. வெச்சுடறேன்" என்றார்.