பெரட்டில் சொன்ன பயம்

அக்கா,

தோட்டத்து ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். துரை கூப்பிடுவார், இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளை ஐயா போய் வெகுநேரமாகிறது. கையில் உங்கள் சுண்ணாம்பு டப்பா. நான் வெற்றிலை போடுவதில்லை என்று தெரியும். குளவி கொட்டினால் தடவ உதவும் என்று உங்கள் மகள்தான் கொடுத்தாள். திறந்தால் இன்னும் உங்கள் வாசம் அடிக்கிறது.

நம் தோட்டத்தில் முதல் பெண் கங்காணியாக நீங்கள் வந்தபோது, நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் நான். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கையில், உங்களுக்குப் பதற்றம் வந்தால் இந்த மூடியை டக் டக்கென்று திறந்து மூடுவீர்கள். கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். நல்ல கங்காணி கிடைத்தது நமக்கு என்று கேலி செய்ததே நான்தான்.

ஏழாம் நம்பர் மலையில் நிழல் மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. அங்கே பறிக்கப் போகத்தான் வேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்:

“எனக்குப் பயமா இருக்குங்க ஐயா. நானே போகமாட்டாத எடத்துக்கு இவுகள எப்புடி அனுப்புறது?”

ஐயா சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள், பிறகு எல்லாரும். கூட்டை எடுத்த பிறகுதான் அந்த மலைக்குப் போனோம். அதிலிருந்து யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் முதலில் உங்கள் காதுக்குத்தான் வந்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. கங்காணி வேலை என் தலையில் விழுந்தது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? முட்டி போய்விட்டது, இனிக் கூடை சுமந்து மலை ஏற முடியாது. இதை விட்டால் தோட்டத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. டவுனில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலைமை தாங்குகிறவர் தயக்கத்தை முகத்தில் காட்டக் கூடாது என்றார் டை கட்டிய ஒருவர். அதை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டேன். டப்பா சத்தம் போடாமலிருக்கத் துணியில் சுற்றி இடுப்பில் செருகினேன். நான் வந்தாலே பேச்சு நின்றுவிடும். மேலே ஐயா, கீழே இவர்கள், நடுவில் நான். வீட்டில் அழுதால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுவிடும். லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்றுதான் தெரியுமே.

நேற்றுச் சாயங்காலம் அதே ஏழாம் நம்பரில் மறுபடி கூட்டைப் பார்த்தேன். ஐயாவிடம் சொன்னேன். கொழுந்து முற்றிவிடும், யாரிடமும் மூச்சு விடாதே, ஓரமாகப் பறிக்கச் சொல் என்றார்.

இன்று பெரட்டில் வாயைத் திறந்தேன். ஏழாம் நம்பருக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றேன். “மரத்துல குளவி கட்டியிருக்கு. நான் போகமாட்டேன். ஒங்களையும் அனுப்பமாட்டேன்.”

உங்களுக்கு இறங்கிய மாதிரி கூடைகள் இறங்கும் என்று நினைத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஐயா என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அப்போது உங்கள் மகள் பேசினாள்.

“போன கெழமையே பாத்தோம் சித்தி. ஒங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு.”

குளவிக்குப் பயந்ததைவிட எனக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார்கள், அக்கா. போன வாரம் அந்தக் கூட்டுக்கு அடியிலேயே வாயை மூடிக்கொண்டு பறித்திருக்கிறார்கள். நான் மேலே ரோட்டில் நின்று, கை ஓடவில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளையும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

ஐயா மற்றவர்களை வேறு மலைக்கு அனுப்பிவிட்டு, என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார். கதவு திறந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எழுந்து போகவும் முடியாது, போக இடமும் இல்லை.

உள்ளே துரையின் குரல் கேட்கிறது. டப்பாவைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டேன். மூடி டக் டக் என்கிறது, கிளார்க் நிமிர்ந்து பார்க்கிறார். பார்க்கட்டும், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.