குசினியையும் பிடித்த மைக்

சனிக்கிழமை, மெரிலேண்ட்ஸ்

என் கிற்றார் அம்பிளிஃபயர் பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு மைக் வாங்கவேண்டும். சிநேகிதியிடம் இரண்டை இரவல் எடுத்து, ஒரே மெட்டை இரண்டிலும் பதிந்தேன். ஹெட்போனில் கேட்டால், இரண்டாவது மைக் குசினியில் அடுப்படியில் நின்று போனில் கதைத்த என் கணவரையும் பிடித்திருந்தது.

"காலமையிலயிருந்து ஒரே இரைச்சலடா. அவவுக்கு நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டு இருக்கிறன்."

முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் கோபம். குசினிக்குப் போனேன்.

"இஞ்சருங்கோ, எந்த மைக்கை வாங்கலாம்?"

"ரெண்டாவதை வாங்கும். அதிலதான் எல்லாம் தெளிவாக் கேக்குது" என்றார், பதிவு ஒன்றையும் கேட்டுப் பார்க்காமலே.

இரண்டாவது மைக்கின் பதிவை ஸ்பீக்கரில் போட்டேன். கிற்றாருக்கு நடுவே அவர் குரல் கணீரென்று வந்தது. மனுசனுக்குக் காது சிவந்துவிட்டது.

"முதலாவதும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

நான் இரண்டாவதைத்தான் வாங்கப்போகிறேன்.